அசல் சான்றிதழ்கள் என் வசமே உள்ளன

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற சாலையில், கடைசி வெல்டிங் பட்டறையும் முடிந்து மக்காச்சோளக் காடு தொடங்குகிற இடத்தில் ஒரு தனியார் பாலிடெக்னிக் இருக்கிறது. தாளாளரின் அம்மா பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். அந்த அம்மாள் உயிரோடு இருந்தவரை அவரைப் படிக்கவைக்க வேண்டுமென்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. இறந்தபிறகு மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில் பெயரை எழுதிவிட்டு, பெண் கல்விக்குத் தங்கள் குடும்பம் செய்த தொண்டு என்று ஆண்டு மலரில் அச்சிட்டார்கள்.

அங்கே சிவில் துறையில் நான்கு வருடம் விரிவுரையாளராக இருந்தவள் செல்வமாரி. இடைசெவலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா உச்சிமாகாளி மூன்று ஏக்கர் மானாவாரியில் உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிறவர். அம்மா முத்துமாரியம்மாள் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடைக்கிறவர். ஆபீஸ் என்றதும் நாற்காலி, மின்விசிறி என்று நினைத்துவிட வேண்டாம். இந்தப் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர். செல்வமாரி அவர்கள் தெருவில் பி.இ. முடித்த முதல் ஆள், அதுவும் முதல் வகுப்பில். தெரு மகிழ்ந்தது. ஊரின் மற்றத் தெருக்கள், "கோட்டாவுல கிடைச்சிருக்கும்" என்று தங்கள் பங்குக்கு வாழ்த்தின. பரீட்சை மண்டபத்துக்குள் கோட்டா வந்து எப்படி விடை எழுதிக் கொடுக்கும் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

வேலையில் சேர்ந்த அன்று அலுவலகக் கண்காணிப்பாளர் இஸ்ரவேல் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "ஒரிஜினல் எல்லாம் கொண்டாந்திருக்கியாம்மா?" என்பதுதான்.

"கொண்டாந்திருக்கேன் அண்ணாச்சி. பாத்துட்டுத் தந்துருவீங்கல்லா?"

"தாரதுக்கா வாங்குதோம்?" என்று இஸ்ரவேல் சிரித்தார். "இங்கனயே இருக்கட்டும். வீட்டுல வச்சா கரையான் அரிக்கும், மழையில நனையும். இங்கன இரும்பு பீரோ. பத்திரமா இருக்கும்லா."

மேகத்தைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுகிற ஊரில் மழைக்கு இவ்வளவு பயந்த ஒரே இடம் அந்த அலுவலகம்தான். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, எட்டு செமஸ்டர் மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ் எல்லாம் ஒரு பச்சை ஃபைலுக்குள் போயின. அந்த ஃபைல் தாளாளர் அறையில் இருந்த பீரோவுக்குள் போனது. ஏற்கெனவே அங்கே நாற்பது ஃபைல்கள் இருந்தன. ஆளைக் கட்டிப்போட்டால் சோறு போட வேண்டும். காகிதத்தைக் கட்டிப்போட்டால் அந்தச் செலவும் மிச்சம்.

ஆசிரியர்களின் அசல் சான்றிதழை நிர்வாகம் பிடித்துவைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த விதியின் நகலும் அதே பீரோவுக்குள்தான் இருக்கிறது. பீரோவுக்கு மேலே சரஸ்வதி படம். ஆயுத பூஜை அன்று பீரோவுக்கு மூன்று இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்துச் சூடம் காட்டுவார்கள். வருடத்துக்கு ஒருமுறை தங்கள் பட்டங்களைத் தூரத்தில் நின்று சேவிக்கும் வாய்ப்பு விரிவுரையாளர்களுக்கு அப்போது கிடைக்கும். சுண்டலும் கொடுப்பார்கள்.

பீரோவிலிருந்து ஃபைல் வெளியே வர இரண்டு வழிகள் உண்டு. பெண்கள் கல்யாணப் பத்திரிகையைக் காட்டினால் தாளாளர் மனமிரங்கி, ஆசீர்வாதமும் ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழும் சேர்த்துத் திருப்பித் தருவார். ஒரு பெண் வேலையை விடுவதற்கு அவர் அறிந்த ஒரே நியாயமான காரணம் அதுதான். ஆண்களுக்கு அந்த வழி கிடையாது. இரண்டாவது வழி மரணம். அதை யாரும் இதுவரை விண்ணப்பித்துப் பெறவில்லை.

செல்வமாரியின் தலைக்குள் ஐரோப்பா நுழைந்தது அவள் வீட்டுச் சுவரின் விரிசல் வழியாகத்தான். அரசாங்கத் திட்டத்தில் கட்டின வீடு. சித்திரை, வைகாசியில் மேற்குச் சுவரில் ஒரு விரிசல் விழும். உள்ளங்கையைக் குறுக்கே நுழைக்கலாம். ஐப்பசியில் மழை பெய்தால் மூடிக்கொள்ளும். கரிசல் மண் தண்ணீரைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மேலே வீடு இருக்கிறதா வெட்டவெளியா என்று அது பார்ப்பதில்லை. இதைத்தான் செல்வமாரி டிப்ளமா மாணவர்களுக்குப் பாடமாக நடத்தினாள். முத்துமாரியம்மாளோ மகளுக்குத் தெரியாமல் ஒரு வாஸ்து நிபுணரைக் கூட்டிவந்தார். அவர் சமையலறை தப்பான மூலையில் இருப்பதுதான் காரணம் என்று கண்டுபிடித்து, வாசலுக்கடியில் ஒரு செப்புத் தகட்டைப் புதைக்கச் சொன்னார். அடுத்த சித்திரையில் விரிசல் அந்தத் தகட்டுக்கு நேர் மேலே வந்து நின்றது.

"ஏட்டி, தகடு ராசியில்லாததோ?" என்றார் அம்மா.

"தகட்டுக்கு மண் பரிசோதனை தெரியாதும்மா. அது செம்பு."

பாடப்புத்தகத்தில் இந்த மண்ணைப் பற்றி ஒரு பக்கம்தான் இருந்தது. மீதியைத் தேடி அவள் இணையத்தில் படிக்க ஆரம்பித்தாள். உப்பும் களிமண்ணைப் பற்றி முப்பது வருடமாக வேலை செய்கிற ஒரு பேராசிரியர் குழு வட இத்தாலியில் இருந்தது. அங்கே முதுகலைப் படிப்பும் இருந்தது. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் இருந்தது. வருமானம் குறைவாக இருக்க வேண்டும் என்ற தகுதியைச் செல்வமாரி குடும்பம் பல தலைமுறைகளாக அக்கறையோடு காப்பாற்றி வந்திருக்கிறது.

முறைப்படி விசாரிக்கலாமென்று மதுரையில் ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிலையத்துக்குப் போனாள். உலக உருண்டையைச் சுழற்றியபடி ஒரு கோட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார்.

"மண்ணா? மண்ணப் பாக்கவா மேடம் ஐரோப்பா போறீங்க? டேட்டா சயின்ஸ் போட்டுருவோம்."

"எனக்கு மண்ணுதான் சார் வேணும்."

அவர் பெருமூச்சு விட்டு, விண்ணப்பத்தோடு வைக்க வேண்டிய நோக்கக் கடிதத்தின் மாதிரி ஒன்றைக் கொடுத்தார். 'சிறு வயது முதலே எனக்கு' என்று தொடங்கி ஒரு கோடு போட்ட வெற்றிடம்; அதன்பின் 'மீது தீராத தாகம்.' வெற்றிடத்தில் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். தமிழ்நாட்டின் பல்லாயிரம் குழந்தைகள் ஒரே வாக்கியத்தில் தாகம் எடுத்து வளர்ந்திருக்கிறார்கள் என்பதை ஐரோப்பியர்கள் இந்நேரம் குறித்து வைத்திருப்பார்கள். செல்வமாரி அதை அங்கேயே வைத்துவிட்டு வந்து, விரிசலைப் பற்றி எழுதினாள். எந்த மாதம் எத்தனை சென்டிமீட்டர் என்று ஆறு வருடக் கணக்கு அவளிடம் இருந்தது. பள்ளிக்கூட நோட்டில் சுவரில் கோடு போட்டு அளந்த கணக்கு.

உதவித்தொகை விண்ணப்பம் வீட்டின் பரப்பளவைச் சதுர மீட்டரில் கேட்டது. அதற்குச் சான்று வாங்கக் கிராம நிர்வாக அலுவலரிடம் போனால், அவர் பேனாவை மூடிவிட்டு, "இத்தாலிக்காரனுக்கு உச்சிமாகாளி வீட்டு அளவு எதுக்கும்மா? வாங்கப் போறானா?" என்று கேட்டார். உள்ளூர் அரசாங்கம் இதுவரை அந்த வீட்டை அளந்து பார்க்க நினைத்ததில்லை. பாவம், அவருக்கு அது புதிதாக இருந்திருக்கும்.

நேர்காணல் காணொளியில் நடந்தது. கிராமத்தில் நெட்வொர்க் நிற்காது என்பதால் கோவில்பட்டியில் ஜீனா வீட்டு மாடியில் உட்கார்ந்தாள். ஜீனா அவளோடு அதே துறையில் வேலை பார்ப்பவள், வகுப்பறையிலும் கேன்டீனிலும் அவளுக்குத் துணை; கோட்டுக்காரரின் 'சிறு வயது முதலே' கடிதத்தைச் சொல்லி இருவரும் சிரித்திருக்கிறார்கள். மடிக்கணினியும் ஜீனாவுடையதுதான். அந்தப் பக்கம் இரண்டு பேராசிரியர்கள். அந்த மண் எப்படி இருக்கும் என்று ஒருவர் கேட்டார். செல்வமாரி ஒரு காய்ந்த கரிசல் கட்டியைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். அதைக் கேமராவுக்கு முன்னால் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டாள். கட்டி இளகி, விரிந்து, தம்ளரின் பாதிக்கு ஏறி நின்றது. இரண்டு வெள்ளைக்காரர்களும் மூக்கு திரையில் முட்டுகிற அளவுக்கு முன்னால் வந்தார்கள். யாரும் அவளை எந்தக் கோட்டா என்று கேட்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் இடம் கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்தது. உதவித்தொகையும் உண்டு. ஒரே ஒரு நிபந்தனை. அசல் சான்றிதழ்களில் சென்னையில் ஒரு முத்திரையும் டெல்லியில் ஒரு முத்திரையும் வாங்கி, ஜூலை மூன்றாம் வாரம் விசா அலுவலகத்தில் காட்ட வேண்டும். முத்திரை வாங்க ஒரு மாதமாவது ஆகும். நகல் செல்லாது. அசல் இல்லையென்றால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

மே மாதம் முதல் வாரத்தில் அவள் தாளாளர் விஜயராஜின் அறைக்குள் போனாள். அவர் நெற்றியில் திருநீறும், மேசையில் தன்னுடைய புகைப்படமும் வைத்திருப்பவர். ஊழியர்களிடம் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை என்று அவருக்கு நல்ல பெயர். பீரோச் சாவி இடுப்பில் இருப்பவருக்குக் குரல் எதற்கு?

கடிதத்தை இரண்டு முறை படித்தார். "இத்தாலியா? அங்கயும் கோட்டா உண்டோ?"

"இல்ல சார். மண்ணைப் பத்திக் கேட்டாங்க. சொன்னேன்."

"சந்தோஷம். ஆனா இந்தா பாரும்மா, பொம்பளப்பிள்ள, தனியா அவ்வளவு தூரம். நான் உனக்குத் தகப்பன் மாதிரி."

"எங்கப்பா போகச் சொல்லிட்டாங்க சார்."

தகப்பன் மாதிரி இருப்பவர்களுக்கு உண்மையான தகப்பன் குறுக்கே வருவது பிடிக்காது. விஜயராஜ் கடிதத்தை மடித்தார். "அட்மிஷன் நேரம். ஜூன் மாசம் இன்ஸ்பெக்‌ஷன் வேற வருது. ஸ்டாஃப் எண்ணிக்கை குறைஞ்சா அனுமதி போயிரும். இந்த வருஷம் முடியட்டும், பாப்போம்."

"சீட்டு இந்த வருஷத்துக்குத்தான் சார். சர்டிபிகேட் மட்டும் தந்தீங்கன்னா, ஜூலை வரைக்கும் வேலைக்கு வாரேன்."

"கல்யாணப் பத்திரிகையோட வா. அன்னைக்கே தாரேன்." சொல்லிவிட்டு அவர் வாழ்த்துகிற பாவனையில் கையை உயர்த்தினார்.

அன்று இரவு முத்துமாரியம்மாள் ஒரு யோசனை சொன்னார். அவருடைய நாற்பத்தெட்டு வருட வாழ்க்கையில் நிர்வாகங்களோடு பழகிப் பெற்ற அனுபவத்தின் சாறு அது.

"சிவகாசி பக்கத்துலதான இருக்கு? பத்துப் பத்திரிகை அடிச்சிருவோம். மாப்பிள்ளை பேரு ஏதாச்சும் போட்டுக்கிடுவோம்."

"யாரு மாப்பிள்ளை?"

"காமராஜ்னு போடு. நல்ல பேரு. ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டாவ."

அப்பா உச்சிமாகாளி சிரித்துவிட்டார். செல்வமாரி சிரிக்கவில்லை. "நான் ராத்திரி பகலா முழிச்சிப் படிச்சி வாங்கின காயிதம்மா அது. இல்லாத ஒருத்தன் பேரைச் சொல்லித்தான் அதை வாங்கணுமா? அப்பம் அந்தக் காமராஜே இத்தாலிக்குப் போகட்டும்."

"கோவம் வந்தா காரியம் நடக்குமாட்டி?"

"பத்திரிகை குடுத்தா அந்தாளு கல்யாணத்துக்கே வந்து நிப்பாரும்மா. சிமிழோட."

ஒரு மாதம் போயிற்று. அவள் மூன்று முறை எழுத்து மூலம் கேட்டாள். மூன்று கடிதங்களையும் இஸ்ரவேல் மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டார். அவற்றையும் பீரோவில் வைத்திருப்பார் என்றுதான் நினைக்க வேண்டும்.

ஜூன் முதல் வாரத்தில் ஆய்வுக்குழு வருவதாகத் தகவல் வந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து, கல்லூரி கல்லூரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிற குழு அது. நான்கு நாட்களில் கல்லூரி கல்லூரியானது. நர்சரியிலிருந்து நூற்றிருபது பூந்தொட்டிகள் வாடகைக்கு வந்தன. ஆய்வகத்துக்கு இயந்திரங்கள் வேறொரு கல்லூரியிலிருந்து லாரியில் வந்தன. போன மாதம் அந்தக் கல்லூரிக்கு இங்கிருந்து போயிருந்தன. எண்ணிக்கைக்காகத் தாளாளரின் மருமகன் இயந்திரவியல் துறைத்தலைவர் ஆனார். காலையில் கணபதி ஹோமம், அது முடிந்ததும் ஜீனா போன்றவர்களின் மனம் நோகக்கூடாதென்று ஒரு போதகரைக் கொண்டு ஜெபம். லாரியில் வந்த இயந்திரங்களுக்கு இரண்டு மதங்களும் சேர்ந்து பாதுகாப்பு அளித்தன. சமத்துவம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆய்வுக்கு முந்தின நாள், ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டிய உறுதிமொழித் தாளை இஸ்ரவேல் கொண்டுவந்தார். போன ஆய்வின்போதும் செல்வமாரி அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், படிக்காமல். இந்த முறை படித்தாள். மூன்றாவது வரி இப்படி இருந்தது: 'என் அசல் சான்றிதழ்கள் அனைத்தும் என் வசமே உள்ளன. நிர்வாகத்தால் பெற்று வைக்கப்படவில்லை.'

"அண்ணாச்சி, இது நிசமா?"

இஸ்ரவேல் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். "அதெல்லாம் படிக்கிறதுக்கு இல்லம்மா. கையெழுத்துப் போடுறதுக்கு."

"நாளைக்குச் சர்டிபிகேட்டைக் கையில தருவீங்கல்லா?"

"காலையில தருவோம். அவிய ஒவ்வொருத்தரா ஒரிஜினலைப் பாப்பாவ. பாத்து முடிஞ்சதும் திருப்பி வாங்கிக்கிடுவோம். உனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும். இரண்டு வருடத்தில் ஒரே ஒரு நாள், காலை பத்து மணியிலிருந்து மதியம் ஒரு மணிவரை, நாற்பத்தொரு பேருடைய படிப்பும் அவரவர் கைக்கு வரும். அவள் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் பச்சை ஃபைல் கைக்கு வந்தபோது ஜீனாவிடம் சொன்னாள். "நான் திருப்பிக் குடுக்கப் போறதில்ல."

ஜீனா தன் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "ஏட்டி, பைத்தியமா உனக்கு? கேட்டுல வாட்ச்மேன் நிக்கான்."

"திருடிக்கிட்டு ஓடுதவளைத்தான் வாட்ச்மேன் பிடிப்பான். நான் சொல்லிட்டுப் போறேன். நீயும் வா."

ஜீனாவுடைய அப்பா படுக்கையில் இருந்தார். தம்பி இதே பாலிடெக்னிக்கில் கட்டணச் சலுகையில் படித்துக்கொண்டிருந்தான். பீரோவில் காகிதம் மட்டும்தான் இருக்கிறது என்று யார் சொன்னது?

ஆய்வுக்குழுத் தலைவர் வயதான பேராசிரியர். ஒவ்வொருவரின் ஃபைலையும் புரட்டி, "ஒரிஜினல்தானே? உங்ககிட்டதானே இருக்கு?" என்று கேட்டார். நாற்பது பேர் கையில் ஃபைலை வைத்துக்கொண்டு ஆமாம் என்றார்கள். அந்த நிமிடத்துக்கு அது உண்மைதான். செல்வமாரியும் ஆமாம் என்றாள். பொய் சொல்லாமல் இருக்க முடிவு செய்த ஒரே ஆள் அவள்தான் என்பது அந்தப் பெரியவருக்குத் தெரியாது.

ஒரு மணிக்குக் குழு பக்கத்து அறையில் சாப்பிட உட்கார்ந்தது. ஆசிரியர்கள் இருந்த கூடத்தின் வாசலில் இஸ்ரவேல் ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு நின்றார். ஒவ்வொருவராக வந்து ஃபைலைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வெளியே போனார்கள். உண்டியலில் காணிக்கை போடுவதுபோல மெதுவாக, தலையைக் குனிந்துகொண்டு. ஜீனாவும் போட்டாள். செல்வமாரி பெட்டியைத் தாண்டி நடந்தாள்.

"ஏம்மா, ஃபைல்?"

"வைக்கல அண்ணாச்சி."

"என்ன வெளாட்டு இது?"

"'என் அசல் சான்றிதழ்கள் என் வசமே உள்ளன'ன்னு எங்கிட்ட எழுதி வாங்கினது நீங்கதான். பெட்டியில போட்டா அது பொய்யாயிரும். அரசாங்கத்துக்குப் பொய் எழுதிக் குடுத்தேன்னு நாளைக்கு என்னையக் கேட்டா, நீங்களா வந்து பதில் சொல்லுவீங்க?"

"தாயி, மெதுவாப் பேசு. அங்கன அவிய சாப்பிட்டுக்கிட்டு இருக்காவ."

"அதனாலதான் இப்பம் பேசுதேன்."

இஸ்ரவேல் கெட்டவர் இல்லை. இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களுடைய சான்றிதழை எண்ணிப் பூட்டியவர். அவருடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமும் அதே பீரோவில்தான் இருந்தது. அவர் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தாளாளர் இருந்த அறையைத் திரும்பிப் பார்த்தார்.

விஜயராஜ் வெளியே வந்தார். குழுவுக்குத் தன் கையாலேயே பரிமாறிய பாயசக் கரண்டி இன்னும் கையில் இருந்தது. பெட்டியைப் பார்த்தார், பச்சை ஃபைலைப் பார்த்தார், புரிந்துகொண்டார். சிரித்தபடியே பல்லுக்குள் பேசினார்.

"வச்சிட்டுப் போம்மா. சாயங்காலம் பேசிக்கிடுவோம்."

"சாயங்காலம் அவங்க போயிருவாங்களே சார்."

"எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் கிடைக்காது. நாலு வருஷம் வீணாப் போயிரும்."

"நாலு வருஷமும் பிள்ளையளுக்குப் பாடம் நடத்துனேன் சார். எப்படி வீணாகும்?"

அப்போது ஆய்வுக்குழுத் தலைவர் கை கழுவ வெளியே வந்தார். ஈரக் கையோடு நின்று மூன்று பேரையும் பார்த்தார். "என்ன சார், ஏதும் பிரச்சினையா?"

பாலிடெக்னிக், அதன் அனுமதி, அடுத்த வருடத்துக்கான அறுபது இடங்கள் எல்லாம் அந்தக் கேள்வியில் தொங்கின. செல்வமாரி வாயைத் திறந்தாள். அதற்குள் விஜயராஜ் திறந்துவிட்டார். முப்பது வருட வியாபாரம் வீண்போகுமா?

"ஒண்ணுமில்ல சார். நம்ம மேடம் மேல்படிப்புக்கு இத்தாலி போறாங்க. அதான், வழியனுப்பிக்கிட்டு இருக்கோம்." கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை அவள் தலைக்கு மேல் உயர்த்தினார்.

பெரியவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா! இந்த மாதிரி நிர்வாகம் கிடைக்கிறது பெரிய விஷயம்மா."

"ஆமா சார்," என்றாள் செல்வமாரி. "பெரிய விஷயம்தான். வாரேன் சார். வாரேன் அண்ணாச்சி."

வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டு சல்யூட் அடித்தார். ஆய்வு நாளன்று யார் வந்தாலும் போனாலும் சல்யூட் அடிக்க வேண்டுமென்பது உத்தரவு. பஸ்ஸில் உட்கார்ந்தபிறகுதான் அவள் ஃபைலைத் திறந்தாள். எட்டு மதிப்பெண் பட்டியலும் இருந்தன. பட்டச் சான்றிதழும் இருந்தது. துருப்பிடித்த கிளிப்பின் தடம் அதன் ஓரத்தில் பழுப்பாகப் பதிந்திருந்தது. எதிர் சீட்டில் இருந்த அம்மாள், "என்னம்மா, சொந்தத்துல யாரும் தவறிட்டாவளா?" என்று கேட்டபோதுதான் தான் அழுதுகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

குழுவின் அறிக்கையில், 'ஊழியர்களின் உயர்கல்விக்கு நிர்வாகம் சிறந்த ஊக்கம் அளிக்கிறது' என்று ஒரு வரி சேர்ந்ததாகப் பின்னால் இஸ்ரவேல் சொன்னார். அனுமதி வந்தது. அதற்குள் செல்வமாரியின் அசல்கள் சென்னை போய், டெல்லி போய், முத்திரையோடு திரும்பிவிட்டன. முத்திரை குத்தினவர் சான்றிதழைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லையாம். நான்கு வருடச் சிறைக்கு இரண்டு விநாடி விசாரணை. ஜூலையில் விசாவும் கிடைத்தது.

அதே வாரம் இஸ்ரவேல் போன் செய்தார். "அம்மா, சார் ஒரு போட்டோ கேக்காவ. கோட்டு போட்டது இருந்தா நல்லதுன்னாவ."

"எதுக்கு அண்ணாச்சி?"

"பஸ் ஸ்டாண்டு பக்கம் பேனர் வைக்கப் போறாவ. 'இத்தாலி செல்லும் எங்கள் பேராசிரியை'ன்னு. அட்மிஷன் நேரம் பாத்தியா?"

"போட்டோ தாரேன். பீரோவைத் திறந்து மத்த நாப்பது பேருக்கும் ஒரிஜினலைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க. குடுத்த அன்னைக்கே கோட்டு தச்சிப் போட்டு, போட்டோ எடுத்து அனுப்புதேன்."

"அதை நான் எப்படிம்மா அவியகிட்டச் சொல்ல?"

"உங்க எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமும் அதுலதான இருக்கு அண்ணாச்சி? சொல்லுங்க."

இஸ்ரவேல் சொன்னாரா என்று தெரியவில்லை. பேனர் மட்டும் இரண்டு நாளில் வந்துவிட்டது. இருபதடி உயரம். தாளாளர் விஜயராஜ் கைகூப்பி நிற்கிறார். அவர் முட்டி உயரத்துக்குச் செல்வமாரி. ஆண்டு விழாக் குழுப் படத்திலிருந்து வெட்டி எடுத்ததால், அவள் பக்கத்தில் யாருடையதோ ஒரு தோளும் பாதிக் காதும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. கீழே பெரிய எழுத்தில்: 'தாளாளரின் ஆசியுடன் ஐரோப்பா நோக்கி! உங்கள் பிள்ளைகளும் உயர வேண்டுமா?'

ஜீனா அதைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, அதற்குக் கீழே நின்றே போன் செய்தாள். "ஏட்டி, அந்தத் தோளு என்னோடது. நீல சேலை. நல்லாப் பாரு."

"நீயா?"

"நான்தான். என் பாதிக் காது வரைக்கும் ஐரோப்பா போயாச்சு. மிச்சம் பீரோவுல இருக்கு." அவளே சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அன்னைக்கு நான் ஃபைலைப் பெட்டியில போட்டிருக்கக் கூடாதுல்லா?"

செல்வமாரிக்குச் சமாதானம் சொல்லத் தெரியும். சொல்லவில்லை. "உங்கிட்டயும் அந்தத் தாள்ல கையெழுத்து வாங்கியிருக்காவல்லா ஜீனா? என் வசமே உள்ளனன்னு. அப்பம் உன் ஒரிஜினல் அந்த பீரோவுல எப்படி இருக்கும்? எழுத்துல கேளு. நகலை ஆய்வுக்குழுவுக்கு அனுப்புவேன்னு சொல்லிக் கேளு."

"தம்பி படிப்பு?"

"ஒருத்தி கேட்டா தம்பியக் காட்டிப் பயமுறுத்துவாவ. நாப்பது பேரும் கேட்டா யாரு தம்பியக் காட்டுவாவ?"

பஸ் இரைச்சலுக்கு நடுவே ஜீனா பேர் பேராக எண்ணுவது கேட்டது. எண்ணி முடித்து, "நாப்பது பேரெல்லாம் வரமாட்டாவ," என்றாள். "ஆறு பேரு வருவாவ. எலக்ட்ரிக்கல்ல ரெண்டு, நம்ம டிபார்ட்மெண்டுல மூணு, அப்புறம் நான்."

"ஆறு போதும். கடிதத்தை நான் எழுதவா?"

"வேண்டாம்," என்றாள் ஜீனா. "நீ 'சிறு வயது முதலே'ன்னு ஆரம்பிச்சாலும் ஆரம்பிப்ப. நானே எழுதிக்கிடுதேன்."